மத்ரித்தின் ஆணையும் மட்டக்களப்பின் கரையும்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவில், ஒரு புறம் கடலும் மறு புறம் நெல்வயல்களும் சூழ, கல்முனை அமைந்துள்ளது. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் கரை இது. சோனகரும் தமிழரும் அயலவராய் வாழ்ந்து, ஒரே தமிழைப் பேசி, ஒரே பருவத்தில் விதைத்து அறுக்கும் கரையும் இதுவே. இக்கரையின் வரலாற்றைத் திருப்பிய ஆணையொன்று ஸ்பெயின் தேசத்து அரசனின் பெயரால் பிறந்தது என்றால், அது பலருக்கும் வியப்பாகவே தோன்றும். இலங்கையை ஆண்ட ஐரோப்பியர் என்றதும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூவரையே நாம் நினைக்கிறோம். ஆயினும் 1580 முதல் 1640 வரை, போர்த்துக்கேயரின் முடியை அணிந்திருந்தவர்கள் ஸ்பெயின் மன்னர்களே.

அது நிகழ்ந்த விதம் இது. போர்த்துக்கல் நாட்டின் அரச மரபு 1580ஆம் ஆண்டு வாரிசின்றி முடிவுற்றது. தாய்வழி உரிமை கோரிய ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பு, படையோடு புகுந்து அரியணையைக் கைப்பற்றினான். 1581ஆம் ஆண்டு தொமார் நகரிற் கூடிய சபை அவனை அரசனாக ஏற்றது. போர்த்துக்கலின் பதவிகளும் அதன் கடல் கடந்த நாடுகளின் பதவிகளும் போர்த்துக்கேயருக்கே உரியன என்று அவன் அங்கு வாக்களித்தான். ஆகவே இலங்கைக்கு வந்த அதிகாரிகள் போர்த்துக்கேயராகவே இருந்தனர். எனினும் அவர்கள் பணிந்த மன்னன் மத்ரித்திலிருந்து ஆண்டான்.

அதே 1580ஆம் ஆண்டிலே இலங்கையிலும் ஒரு சாசனம் எழுதப்பட்டது. கோட்டை இராச்சியத்தின் மன்னன் தர்மபாலன், தனக்குப் பின் தன் இராச்சியம் போர்த்துக்கல் முடிக்கே சேர வேண்டுமென எழுதிக் கொடுத்தான். 1597ஆம் ஆண்டு மே மாதம் அவன் கொழும்பில் இறந்தபோது அச்சாசனம் நடைமுறைக்கு வந்தது. தன் வாழ்நாளில் இலங்கையைக் கண்டிராத பிலிப்பு மன்னன், ஒரு பத்திரத்தின் வலிமையால் அதன் தென்மேற்குக் கரைக்கு உரிமையாளன் ஆனான்.

கண்ணாற் காணாத நாட்டை ஒரு மன்னன் எவ்வாறு ஆள்வது? அதற்கென ஒரு படிக்கட்டு அமைக்கப்பட்டிருந்தது. மத்ரித்தில் மன்னன் அருகே போர்த்துக்கல் ஆலோசனைச் சபை இருந்தது. அதன் கீழ் லிஸ்பன். அதன் கீழ், இந்தியாவின் கோவாவில் அரசப் பிரதிநிதி. அவர் கீழ், இலங்கையின் தேசாதிபதியாகிய கப்பித்தான் செனரல். ஆணை மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முறையீடு கீழிருந்து மேலே ஏற வேண்டும். லிஸ்பனிலிருந்து மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிற் புறப்படும் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, செத்தெம்பர் அளவிற் கோவாவை அடையும். திரும்பும் கப்பல்கள் ஆண்டின் முடிவிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ பாய் விரிக்கும். ஆகவே கொழும்பிலிருந்து ஒரு கேள்வியை எழுதி விடை பெற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செல்லும். கப்பல் கடலில் மூழ்கினால் கேள்வியும் அதனுடன் மூழ்கும்.

இலங்கை மட்டுமே இந்நிலையில் இருந்ததன்று. ஸ்பெயினின் சொந்த ஆட்சிக்கு உட்பட்ட பிலிப்பைன் தீவுகள் இதனிலும் தொலைவானவை. மணிலாவில் இருந்த தேசாதிபதிக்கு ஆணைகள் மெக்சிக்கோ வழியாகவே வந்தன. ஓர் ஆணை இரு பெருங்கடல்களைக் கடக்க வேண்டியிருந்தது. அமெரிக்க நாடுகளை ஆண்ட ஸ்பானிய அதிகாரிகளிடையே இதனால் ஒரு வழக்கம் வேரூன்றியது. மன்னனின் ஓலை வந்ததும் அதனைத் தலைமேல் வைத்து, ஆணைக்குப் பணிவதாகக் கூறுவர். ஆனால் நாட்டின் நிலைக்குப் பொருந்தாததென்று கூறி அதை நிறைவேற்றாது நிறுத்தி வைப்பர். இது தொலைதூர ஆட்சி தானே கண்டுபிடித்த தற்காப்பு எனலாம். எந்த ஆணையை நிறுத்துவது, எந்த ஆணையை நிறைவேற்றுவது என்று முடிவு செய்தவர் தேசாதிபதி. குடிகளின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அம்முடிவிலேயே தங்கியிருந்தன.

இலங்கையின் தேசாதிபதிக்குக் கொழும்பிற் கோட்டை இருந்தது. களனி ஆற்றங்கரையில் மல்வானையில் மாளிகை இருந்தது. பழைய சிங்கள மன்னரின் ஆட்சியமைப்பைப் போர்த்துக்கேயர் குலைக்கவில்லை. அதன் உச்சியில் தாம் ஏறி அமர்ந்தனர். ஏழு கோறளை, நான்கு கோறளை, சபரகமுவை, மாத்தறை ஆகிய நான்கு திசாவனிகளும் அப்படியே இருந்தன. திசாவைப் பதவி மட்டும் போர்த்துக்கேயர் கைக்கு மாறியது. இராசகாரியம் என்னும் ஊழியக் கடமையும் நீடித்தது. வருவாயைக் கவனிக்க வேறோர் அதிகாரி இருந்தார். அப்பதவியை வகித்த அந்தாவ் வாஸ் பிரெயிரே 1614ஆம் ஆண்டையொட்டி ஊர் ஊராக நிலங்களையும் வரிகளையும் பதிவு செய்வித்தார். அப்பதிவேடே தோம்பு. இன்றும் இலங்கைத் தமிழில் வழங்கும் அச்சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததே.

தேசாதிபதிகளுள் பெரும்பாலோர் சில ஆண்டுகளே பதவி வகித்தனர். குறுகிய காலத்திற் பொருள் சேர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்னும் ஆசை மேலிருந்து கீழ்வரை பரவியிருந்தது. இவ்வழக்கத்துக்கு மாறாக 1594 முதல் 1612 வரை நீண்ட காலம் ஆண்டவர் ஜெரோனிமோ த அசவேது. அவர் இழைத்த கொடுமைகளைப் போர்த்துக்கேய நூலாசிரியர்களே எழுதி வைத்துள்ளனர். ஆயினும் அவர் இலங்கையில் இருந்தவரை எவரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் கோவாவின் அரசப் பிரதிநிதியாகவே உயர்த்தப்பட்டார். பின்னரே அவர்மீது வழக்கு எழுந்து, லிஸ்பனிற் சிறைப்பட்டு இறந்தார். நீதி வந்தது, ஆனால் அக்கொடுமைகளுக்கு ஆளானோருக்குப் பயன்படாத காலத்தில், பயன்படாத தூரத்தில் வந்தது.

இவருக்குப் பின் வந்தோருள் முதன்மையானவர் கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா. 1618இற் பதவி ஏற்ற இவர், இடையிற் சிறிது காலம் நீங்கி, 1623 முதல் 1630 வரை மீண்டும் ஆண்டார். இவர் காலத்திலேதான் 1619ஆம் ஆண்டு பிலிப்பு த ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தை வென்றார். அப்போது போர்த்துக்கேயரின் கைக்கு அகப்படாது நின்றது கண்டி இராச்சியம் ஒன்றே. அதன் மன்னன் செனரதனுக்குக் கீழ்க்கரையே வெளியுலகின் வாயில். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டிக்குச் சென்றார். 1620இல் தேனியரின் கப்பல்களும் திருகோணமலைக்கு வந்தன. அவ்வாயிலை அடைப்பதே தேசாதிபதியின் நோக்கமாயிற்று.

இந்நிலையில் 1626ஆம் ஆண்டு, போர்த்துக்கேயரின் ஆட்சிக்கு உட்பட்ட இலங்கைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் ஆணை நிறைவேற்றப்பட்டது. அன்று அரியணையில் இருந்தவன் ஸ்பெயின் மன்னன் நான்காம் பிலிப்பு. இவ்வாணையின் வேர் இலங்கையில் இல்லை. ஸ்பெயினில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, பின் கட்டாயத்தாற் கிறித்துவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை அவனுடைய தந்தை மூன்றாம் பிலிப்பு 1609ஆம் ஆண்டு நாடு கடத்த ஆணையிட்டான். ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் பிறந்த மண்ணை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களை ஐரோப்பியர் மூர் என்று அழைத்தனர். இலங்கைச் சோனகரைக் கண்ட போர்த்துக்கேயரும் அவர்களுக்கு அதே பெயரைச் சூட்டினர். பெயர் கடல் கடந்தபோது, அதனோடு பழைய பகையும் கடல் கடந்தது.

இலங்கைச் சோனகரின் நிலையோ வேறு. கரையோர நகர்களில் வணிகம் செய்தும், தவள மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாட்டுக்குச் சென்று பாக்கு முதலியவற்றோடு திரும்பியும், கரையையும் மலையையும் இணைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். இதனைத் தேசாதிபதி அறியாதவர் அல்லர். எனினும் இவ்வாணை நிறுத்தி வைக்கப்படவில்லை.

வெளியேற்றப்பட்டோருக்குப் புகலிடம் அளித்தவன் கண்டி மன்னன் செனரதன். பௌத்த மன்னனான அவன், அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்று அந்நூற்றாண்டிலே கோவாவில் இருந்து எழுதிய போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் குறித்துள்ளார். இரக்கத்தோடு அரச தந்திரமும் இதில் இருந்திருக்கலாம். வயல்களுக்கு உழவர் தேவை; கரைக்குக் காவலர் தேவை; பகைவனால் துரத்தப்பட்டவர் பகைவனுக்குத் துணை போகமாட்டார் என்பதும் தெளிவு.

இங்கு ஒன்றை மறவாது கூற வேண்டும். இன்று கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை வாழும் முஸ்லிம்கள் அனைவரும் அந்த 4,000 பேரின் வழிவந்தவர் என்று கொள்வது தவறு. அவர்கள் வருமுன்னரே இப்பகுதியிற் சோனகர் வாழ்ந்தனர். முக்குவருக்கும் திமிலருக்கும் மூண்ட பூசலில் அவர்கள் முக்குவர் பக்கம் நின்று, பின்னர் அவர்களோடு மண உறவு கொண்டனர் என்பது மட்டக்களப்பின் மரபுக் கதை. தாய்வழியே குடி கணிக்கப்படுவதும், மகளுக்கு வீடு சீதனமாகச் செல்வதும் இப்பகுதியில் இரு சமூகத்துக்கும் பொதுவாய் இருப்பன. நீண்ட காலம் அருகருகே வாழ்ந்தாலன்றி இத்தகைய ஒற்றுமை எளிதில் அமையாது. அகதிகளாக வந்தோர் அயலாரிடம் வரவில்லை. ஏற்கெனவே உறவு வேரூன்றியிருந்த மண்ணுக்கே வந்தனர்.

ஆணையின் விளைவு ஆணையிட்டோர் எண்ணியதற்கு மாறாக முடிந்தது. பகைவர் எனக் கருதி விரட்டப்பட்டவர் உண்மையிலேயே பகைவனின் நாட்டுக்கு வலிமையாயினர். 1628ஆம் ஆண்டு தேசாதிபதி மட்டக்களப்பு வாவியில் புளியந்தீவிலே கோட்டை கட்டினார். திருகோணமலையில் ஏற்கெனவே ஒரு கோட்டை எழுந்திருந்தது. வாயில்கள் அடைபட்ட கண்டி மன்னன் போருக்கு எழுந்தான். கோவாவிற் புதிதாகப் பதவியேற்ற அரசப் பிரதிநிதி லின்யாரேஸ் பிரபுவோ, கண்டியை உடனே வெல்லுமாறு தேசாதிபதியை நெருக்கினார். மலைநாட்டின் வழியையும் மழையையும் அறியாத ஒருவரின் கட்டளை அது. 1630ஆம் ஆண்டு கொன்ஸ்தந்தீனு த சா ஊவா நாட்டின்மீது படையெடுத்து, வதுளையை எரித்துத் திரும்பும் வழியில், அவருடன் வந்த சிங்கள முதலிமாரும் லசுக்கோரின் படையும் மறுபக்கம் சேர்ந்தனர். ஓகத்து மாதம் இரந்தெனிவெலை என்னுமிடத்தில் தேசாதிபதி கொல்லப்பட்டார், படையும் அழிந்தது. அவருடைய மகன் தந்தையின் ஆட்சியைப் பற்றி எழுதிய வரலாறு 1681இல் லிஸ்பனில் அச்சேறியபோது, அது ஸ்பானிய மொழியிலேயே வெளிவந்தது.

அதன்பின் முடிவு விரைந்து வந்தது. செனரதனின் மகன் இரண்டாம் இராசசிங்கன் 1638 மார்ச்சு மாதம் கன்னொறுவையில் இன்னொரு தேசாதிபதியின் படையை அழித்தான். அதே ஆண்டு மே மாதம் ஒல்லாந்தரின் பீரங்கிகளும் கண்டியின் படையும் சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையை வீழ்த்தின. 1640 திசெம்பரில் லிஸ்பன் நகரிற் கிளர்ச்சி மூண்டு, ஸ்பெயின் மன்னனின் ஆட்சி போர்த்துக்கலில் முடிவுற்றது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று.

புளியந்தீவுக் கோட்டை பின்னர் ஒல்லாந்தராற் கட்டி வலுப்படுத்தப்பட்டு இன்றும் நிற்கின்றது. ஆயினும் அந்த ஆட்சியின் தடத்தை அக்கல்லில் மட்டும் தேடுவது போதாது. தூரத்து மன்னனின் ஆணையை எழுதியவர் பெயரும் நிறைவேற்றியவர் பெயரும் ஏடுகளில் உள்ளன. வீட்டையும் கடையையும் விட்டு, பிள்ளைகளோடு மலையைக் கடந்து வந்தவர்களின் பெயரை எந்தத் தோம்பும் பதியவில்லை. அவர்கள் பதிந்தது மண்ணில்: வாவியோரத்து வயல்களிலும், அவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களிலும். மத்ரித்தின் ஆட்சி இக்கரையிலிருந்து அகன்று ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன; கரையும் அதன் மக்களும் நிலைத்திருக்கின்றனர்.