பத்திரம் தெரியும், நிலம் தெரியாது

2021 அக்டோபரில் ஆந்திர சி.ஐ.டி. போலீசார் சித்தூர் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற கிராம வருவாய் அலுவலர் ஒருவரையும் அவரோடு வேறு சிலரையும் கைது செய்தார்கள். சுமார் 2,320 ஏக்கர் அரசு நிலத்தைப் போலி ஆவணங்களின் பலத்தில் ஒரே குடும்பத்தின் பெயரில் கணினிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அவ்வளவு நிலத்துக்கு வேலி போட வேண்டுமென்றால் ஊரே திரண்டு வர வேண்டும். ஏட்டில் ஏற்றுவதற்கு அந்தச் சிரமம் இல்லை.

இது எப்படி முடிகிறது? 'ரிஜிஸ்டர் ஆன பத்திரம் கையில் இருக்கிறது, நிலம் நம்முடையது' என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சார் பதிவாளர் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். வந்திருப்பவர் யார், கையெழுத்து அவருடையதுதானா, முத்திரைத் தீர்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போட்டோ எடுத்து, கைரேகை வாங்கி, சாட்சிகளிடம் கையெழுத்து பெறுகிறார்கள். விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று தீர்மானிக்கும் வேலை அவர்களுடையது அல்ல. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவே இல்லை. மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு செய்வோம் என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும் இதே காரணத்தால்தான். ஆனால் ஆந்திராவில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி ஒரு தடைப் பட்டியல் உண்டு. அதில் உள்ள அரசு நிலங்களைப் பதிய முடியாது. மோசடிக்காரர் நிலத்தை முதலில் அந்தப் பட்டியலுக்கு வெளியே கொண்டுவரப் பார்ப்பது அதனால்தான்.

உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம், எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும், வாங்கியவருக்கு எந்த உரிமையையும் தராது. இல்லாததை யாரும் கொடுக்க முடியாது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இன்னொருவர் நிற்கிறார். வெள்ளைத்தாளிலோ ஸ்டாம்ப் பேப்பரிலோ எழுதி வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தையும் கொடுத்து, இருபது வருஷமாக உழுது சாப்பிடும் சிறு விவசாயி. ஆந்திர வருவாய்த் துறையில் இந்தக் காகிதத்துக்கு சாதா பைனாமா என்று பெயர். வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இவர் பெயர் வராது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்துதான் விற்க வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நூறு ரூபாய் இன்றும் மாறவில்லை. இப்போது அதற்குத் திருப்பதியில் ஒரு பிடி மண் வருமா என்பது சந்தேகம். ஆகவே ஏட்டின்படி இவர் உரிமையாளர் இல்லை. பழைய உரிமையாளரோ அவர் பிள்ளைகளோ அதே நிலத்தை இன்னொருவருக்கு முறையாகப் பதிவு செய்து விற்றுவிட்டால்?

இங்கேதான் சட்டம் நம்மை வியக்க வைக்கிறது. ஏடு பார்க்காததை மண் பார்க்கிறது. அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவுக்கான விளக்கப்படி, நிலத்தை ஒருவர் அனுபவித்து வருவதே மற்றவர்களுக்கான அறிவிப்பு. சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் பக்கம் ஒரு மாந்தோப்பை விலை பேசுகிறீர்கள் என்று வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வயது மரங்கள், சொட்டுநீர்க் குழாய், போர்வெல், வேறொருவர் பெயரில் மின் இணைப்பு. 'இது யார் தோப்பு?' என்று நீங்கள் கேட்காவிட்டாலும், கேட்டுத் தெரிந்துகொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். விவரம் தெரியாமல் வாங்கிய அப்பாவி என்று நீங்கள் சொல்லிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி விவசாயி போடும் வழக்கு, 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி உங்களையும் கட்டும். பதியாத காகிதத்தையே அந்த வழக்கில் ஒப்பந்தத்துக்குச் சாட்சியமாகக் காட்டலாம் என்று பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆனால் காலம் கடத்தினால் இந்தப் பிடி நழுவும். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து, தேதி குறிக்காவிட்டால் மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து, மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கைவசம் உள்ளவரை வெளியேற்ற விடாமல் காக்கும், சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஏ பிரிவும் 2001 செப்டம்பர் 24 முதல் பதிவான ஒப்பந்தங்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. பவர் எழுதி வாங்கி நிலத்தை வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு கதவை அடைத்தது.

விவசாய நிலத்துக்கு மட்டும் ஆந்திராவில் தனி வழி ஒன்று இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுப் பட்டாதார் பாஸ்புத்தகச் சட்டத்தின் 5-ஏ பிரிவு. தாசில்தாரிடம் விண்ணப்பித்தால் அவர் நோட்டீஸ் விட்டு விசாரித்து, பத்திரச் செலவுக்கு ஈடான தொகையைக் கட்டச் சொல்லி, 13-பி சான்று தருவார். அது விற்றவரையும் அவர் வழியாக உரிமை கோருபவரையும் கட்டுப்படுத்தும். விற்றவரே உண்மையான உரிமையாளர் இல்லை என்றால் இந்தச் சான்றும் உதவாது. திருப்பதி வீட்டுமனைகளுக்கு இது பொருந்தாது.

ஏடே உரிமையைச் சொல்ல வேண்டும், தவறினால் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிவைத்தார். ஆந்திராவும் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்துப் பார்த்தது. 2023 அக்டோபரில் நில உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. சிவில் நீதிமன்றத்தை ஒதுக்கிவிட்டு அதிகாரி கையில் உரிமையைக் கொடுப்பதா என்று வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். தேர்தல் மேடையிலும் அது பேச்சானது. 2024-இல் புதிய அரசு சட்டத்தை ரத்து செய்தது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது: அடிப்படை ஏடு அழுக்காக இருக்கும்போது அதற்கு உத்தரவாதம் கொடுத்தால் அழுக்குக்கும் சேர்த்துத்தானே உத்தரவாதம்?

அந்த அழுக்கைக் கண்டுபிடிக்கச் சில சமயம் ஆய்வகம்கூடத் தேவைப்படாது, ஊர் வரலாறு போதும். சித்தூர் மாவட்டம் உருவானது 1911-இல். அதற்கு முன் அந்தப் பகுதியில் பெரும்பங்கு வட ஆற்காட்டில் இருந்தது. 1953 வரை சென்னை மாகாணத்தின் கீழ் இருந்ததால் முத்திரைத் தாளும் அந்த அரசுடையது. அணா கணக்கு போய் நயா பைசா வந்தது 1957-இல், பின்கோடு 1972-இல், திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரலில். ஆந்திராவில் தாலுகாக்களைக் கலைத்து மண்டலங்களை அமைத்தது 1985-இல். 1978 தேதியிட்ட கிரயப் பத்திரத்தில் நிலம் இன்ன மண்டலத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தால், அதை எழுதியவர் குறைந்தது ஆறு ஆண்டு கழித்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.