அம்பை நோவதும் உண்டு!

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது பழமொழி. வில் பிடித்துப் பழகியவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். கையும் சரியாக இருக்கும், கண்ணும் சரியாக இருக்கும். ஆனாலும் குறி தவறும். குற்றம் அம்பின் மேல்தான்!

நடுகல் வீரர்கள்

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது செங்கம். இந்த வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. சில கற்களுக்கு வயது 1,400 ஆண்டுகள்!

அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். மாடுகளைக் கவர வந்த கூட்டத்தோடு போரிட்டு மாண்டவர்களுக்கு, ஊரார் கல் நட்டார்கள். பல கற்களில் வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் வாள். சில வீரர்களின் உடலில் அம்புகள் தைத்து நிற்கின்றன.

அப்படிப்பட்ட சண்டையில் அம்பு கோணிப் போனால் மாடும் போகும், உயிரும் போகும். ஆகவே வில்லுக்கு ஏற்ற அம்பைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு வேலை அல்ல.

வளைந்து போகும் அம்பு

பழைய மாதிரி வில்லில் அம்பு நடுவில் இருப்பதில்லை. வில்லின் பக்கத்தில் சார்ந்து இருக்கும். நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால் அம்பு பக்கவாட்டில் அல்லவா போக வேண்டும்? எப்படிக் குறியில் தைக்கிறது?

அம்பு வளைகிறது! நாண் தள்ளியதும் மீன் போல நெளிந்து, வில்லைச் சுற்றிக் கொண்டு வெளியேறுகிறது. பிறகு நிமிர்ந்து நேராகப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த நெளிவை, அதிவேகக் கேமரா படம் பிடித்துக் காட்டியிருக்கிறது.

இடது கையில் வில்லைப் பிடித்து, வில்லின் இடப்பக்கம் அம்பை வைத்து எய்பவருக்கு, விறைப்பு மிகுந்த அம்பு இடப்பக்கம் விலகும். துவளும் அம்பு வலப்பக்கம் விலகும்.

எடை கட்டும் சோதனை

விறைப்பை அளக்க எளிய வழி உண்டு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள். அவற்றின் மேல் அம்புத் தண்டு. நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு அரை அங்குலம் தாழ்ந்தால், சுமார் 50 பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்குப் பொருந்தும். அதிகம் தாழ்ந்தால் மெலிந்த வில்லுக்கு, குறைவாகத் தாழ்ந்தால் வலிய வில்லுக்கு.

பிறகு எய்து பார்த்துத் திருத்துவார்கள். அம்பு துவண்டால் தண்டின் நீளத்தைச் சிறிது குறைப்பார்கள். விறைத்தால் முனையின் எடையைக் கூட்டுவார்கள். மூன்று இறகுகளும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். கலந்து ஒட்டினால் அம்பு ஒழுங்காகச் சுழலாது.

எச்சரிக்கை!

நாணை இழுக்கும் அளவை விட அம்பு குட்டையாக இருக்கக் கூடாது. முனை வில்லுக்குப் பின்னால் வந்துவிட்டால் கையைக் குத்திவிடும். மிக இலேசான அம்பும் ஆபத்து. நாணின் வேகத்தை அது முழுவதும் வாங்கிக் கொள்ளாது. மிச்ச அதிர்ச்சி வில்லைத் தாக்கி முறித்துவிடலாம். வெடிப்பு விட்ட அம்பைத் தொடவே கூடாது.

ஒரு அம்பு பொருந்தினால் போதாது. தூணியில் உள்ள எல்லா அம்புகளும் ஒரே விறைப்பு, ஒரே எடை, ஒரே நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தவறு கையினுடையதா, அம்பினுடையதா என்பது விளங்கும். அதன் பிறகு குறி தவறினால், எய்தவரைத்தான் நோக வேண்டும்!