ஒரு சலவையில் ஏழு லட்சம் இழைகள்

துவைத்த தண்ணீரோடு அழுக்கு மட்டும் போவதில்லை, துணியும் கொஞ்சம் போகிறது. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகளின் நூல், தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் இழைகளின் முறுக்கு. வாஷிங் மெஷினில் துணியோடு துணி உரசும்போது இழை நுனிகள் வெளியே நீண்டு, முறிந்து, தண்ணீரில் கலந்துவிடுகின்றன.

இவை எங்கே போய்ச் சேருகின்றன? ஆய்வாளர் மார்க் பிரவுன் தலைமையிலான குழு ஆறு கண்டங்களில் 18 கடற்கரைகளின் மணலை ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டது. எல்லாக் கரைகளிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அதில் பெரும்பகுதி இழைகள், அதுவும் நாம் உடுத்தும் பாலியஸ்டரும் அக்ரிலிக்கும்! 2016இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் கணக்கிட்டார்கள்: 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும்.

பருத்தியும் உதிர்கிறது. ஆனால் பருத்தி செல்லுலோஸ். நுண்ணுயிர்கள் அதைத் தின்று செரித்துவிடும். பெட்ரோலியத்திலிருந்து பிறந்த பாலியஸ்டரை அவற்றால் எளிதில் உடைக்க முடியாது. வெயிலும் அலையும் அதை இன்னும் சிறிதாக நொறுக்கும். நொறுங்கினாலும் அது பிளாஸ்டிக்தான். இரையென்று நினைத்து அதை விழுங்கும் கடல் உயிர்கள் ஏராளம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரும்பாலான இழைகளைப் பிடித்துவிடுகின்றன. ஆனால் பிடிபட்டவை கசடில் தங்குகின்றன. அந்தக் கசடு பல நாடுகளில் வயலுக்கு உரமாகிறது. கடலுக்குத் தப்பியது மண்ணில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே இழையை மறிக்கச் சரியான இடம் மெஷினின் வாசல்தான்.

இதைக் கனடாவின் பேரி சவுண்ட் என்ற சிற்றூர் செய்து காட்டியது. 97 வீடுகளின் வாஷிங் மெஷின்களில் வடிகட்டி பொருத்தினார்கள். ஊரின் சாக்கடையோடு இணைந்த வீடுகளில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அப்படியும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் இழைகள் கண்கூடாகக் குறைந்தன. புதிய மெஷின்களில் வடிகட்டி வேண்டும் என்று பிரான்ஸ் 2020இலேயே சட்டம் இயற்றியது.

வீட்டில் நாமும் செய்யலாம். மென்மையான துணிக்கென்று இருக்கும் ‘டெலிகேட்’ சுற்று இழைகளைக் காக்கும் என்று தோன்றும். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வில் நேர்மாறாக, அதில்தான் அதிகம் உதிர்ந்தன. காரணம், அதில் தண்ணீர் அதிகம். துணியை ஊடுருவும் நீர் கூடக்கூட இழையும் கழன்று வரும். மெஷின் நிறையத் துணி சேர்ந்த பிறகு, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் துவைப்பதே நல்லது. வடிகட்டியைக் கட்டாயமாக்குவது அரசுகளின் கடமை. உதிராத நூலைத் தருவது ஆலைகளின் கடமை.