தேடி அலைந்த தெய்வங்கள்



சில வாரங்களுக்கு முன் எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பிற் சிலப்பதிகாரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மதுரை எரிந்த பகுதி முடிந்து புத்தகத்தை மூடும் வேளையில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், உலகத்தில உள்ள சாமிக் கதை எல்லாம் ஒரே கதைதானாம். ஒராளைப் பார்த்து மற்ற ஆள் எழுதினதாம். அப்பிடியெண்டால் கண்ணகியும் எங்கையோ இருந்து எடுத்ததோ?"

கைத்தொலைபேசியில் அவன் ஒரு காணொளி பார்த்திருக்கிறான். எகிப்தியரின் ஹோரஸ், உரோமர் வழிபட்ட மித்திரன், நம் கண்ணபிரான், இயேசுநாதர் ஆகிய நால்வரும் டிசெம்பர் 25ஆம் திகதி கன்னித்தாய் வயிற்றிற் பிறந்தவர்கள் என்று அதிற் சொல்லப்பட்டதாம். வகுப்பிற் சிலர் சிரித்தனர். சிலர் முகம் சுளித்தனர். எனக்கோ அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை.

முதலில் அந்தக் காணொளியை உரைத்துப் பார்ப்போம். கண்ணன் தேவகிக்கு எட்டாவது பிள்ளை. அவன் பிறந்தது ஆவணித் தேய்பிறை அட்டமியில். ஹோரசுக்குத் தந்தை ஒசிரிஸ், தாய் ஐசிஸ். மித்திரன் பாறையிலிருந்து வெளிப்படுவதாகவே உரோமச் சிற்பங்கள் காட்டுகின்றன. அங்கே தாயே இல்லை. இயேசு பிறந்த திகதியை நான்கு நற்செய்திகளில் ஒன்றேனும் கூறவில்லை. டிசெம்பர் 25 என்ற திருநாள் உரோமையிலே நான்காம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஆகவே நால்வரையும் ஒரே அச்சில் வார்த்தவர் பழைய நூல்களைத் திறந்து பார்க்கவில்லை என்பது தெளிவு. ஒப்புமை காண்பதற்கு முன் மூலத்தைக் காண வேண்டும். இது தமிழ் ஆசிரியனாகிய நான் மாணவருக்குச் சொல்லும் முதற் பாடம்.

அப்படியானால் ஒப்புமையே இல்லையா? உண்டு. இட்டுக்கட்டிய ஒப்புமையை விடவும் வியப்பைத் தரும் உண்மையான ஒப்புமைகள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை அறியாதார் வன்னியில் இரார். மதுரையை எரித்த சினத்தோடு ஈழத்துக்கு வந்த கண்ணகி பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக வந்து அமர்ந்த இடம் என்பதாற் பத்தாப்பளை எனப்பட்டு, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. நந்திக்கடற் கரையிலே மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு மூதாட்டி வருகிறாள். தங்க இடம் கேட்கிறாள். சிறுவர்கள் குழை தழைகளால் ஒரு கொட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுது படுகிறது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல் நீரை வார்த்து ஏற்றுங்கள் என்கிறாள் ஆச்சி, விளக்கு எரிகிறது. பின்னர் தன் தலையிற் பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கிய சிறுவர்கள் ஆயிரம் கண்களைக் கண்டு திடுக்கிடுகிறார்கள். ஆச்சி மறைந்துவிடுகிறாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இதை ஒட்டியதே.

இனி இங்கிருந்து பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். கி.மு. ஏழாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழம்பாடல் ஒன்று தானியத்தின் தெய்வமான டிமீற்றரின் கதையைக் கூறுகிறது. அவளுடைய மகள் பேர்சிபனியைப் பாதாள அரசன் கவர்ந்து செல்கிறான். ஒன்பது நாள் தீப்பந்தம் ஏந்தி ஊணின்றித் தேடுகிறாள் தாய். பின் கிழவி வேடத்தில் எலூசிஸ் என்ற ஊரில் ஒரு கிணற்றடியிற் குந்தியிருக்கிறாள். நீர் மொள்ள வந்த இளம்பெண்கள் இரங்கி வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். கொடுத்த மதுவை மறுத்து, வாற்கோதுமை மாவும் நீரும் புதினாவும் கலந்த பானத்தையே கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். அவ்வீட்டுக் குழந்தைக்குச் செவிலி ஆகிறாள். ஒருநாள் தன் உண்மை உருவைக் காட்டித் தனக்குக் கோயில் எடுக்கச் சொல்கிறாள்.

மூதாட்டி வேடம், எளியோர் தந்த உணவு, திடீரென வெளிப்படும் தெய்வ உரு, அதன் வழி எழுந்த கோயில். இரு கதைகளும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். நெருக்கம் அத்துடன் முடியவில்லை. மகளைக் காணாத டிமீற்றரின் சினத்தால் வயல்கள் விளையாது போயின. தேவர்கள் பணிந்த பிறகே பயிர் முளைத்தது. கண்ணகியின் சினத்தின் பின் பாண்டி நாட்டில் மழை பொய்த்து, நோய் பரவியது என்றும், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளுக்கு விழவெடுத்த பின்னரே மழை பெய்தது என்றும் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது.

எகிப்தில் ஐசிஸ் கதையும் இத்தகையதே. கணவன் ஒசிரிசை அவன் தம்பி சேத் வஞ்சனையாகப் பெட்டியில் அடைத்து நைல் நதியில் விடுகிறான். பெட்டி பிப்லோஸ் நகர்க் கரையில் ஒதுங்குகிறது. தேடிச் சென்ற ஐசிஸ் ஒரு நீரூற்றின் அருகில் அழுதிருந்து, அரசியின் பணிப்பெண்களுக்குத் தலை பின்னி விட்டு, அரண்மனைச் செவிலியாகிறாள். இதை இவ்வாறு எழுதியவர் கிரேக்கரான புளூட்டாக். அவர் டிமீற்றர் கதையை அறிந்தவர். ஆகவே இப்பகுதியில் அதன் சாயல் விழுந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

பேழையில் மிதந்த பிள்ளைகள் இன்னொரு கூட்டம். அக்காட் நாட்டுச் சார்கோனை நாணற்கூடையில் வைத்து யூபிரட்டீஸ் ஆற்றில் விட்டாள் தாய். நீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான். மோசே நைல் நதியில் மிதந்தார்; பாரவோன் மகள் எடுத்தாள். கர்ணனைக் குந்தி ஆற்றில் விட்டாள், தேரோட்டி எடுத்தான். நம் கண்ணகி வழக்குரையும் கண்ணகியை மாங்கனியிற் பிறந்து பேழையில் மிதந்தவளாகவே பாடுகிறது. சிங்கள மக்களின் பத்தினித் தெய்வக் கதையிலும் மாங்கனியும் பேழையும் உண்டு. இளங்கோவடிகளின் காப்பியத்தில் மாத்திரம் இவை இல்லை. அங்கே அவள் மாநாய்கன் பெற்ற மகள். ஒரே தெய்வத்தின் கதையே இடத்துக்கு இடம் வேறுபடுவதை இதனால் அறிகிறோம்.

இவ்வொப்புமைகள் எவ்வாறு வந்தன? இருவழிகளைச் சொல்லலாம்.

ஒன்று, கதைகள் கப்பலேறி வந்தமை. இது வெறும் ஊகமன்று. எகிப்தின் செங்கடற் துறைமுகங்களான பெரனிக்கே, குசேர் அல் காதிம் ஆகிய இடங்களில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரனிக்கேயில் ஐசிஸ் கோயிலிலே ஒரு புத்தர் சிலை கண்டெடுக்கப்பட்ட செய்தி 2023இல் வெளியானது. நம் மாதோட்டமும் மேற்கும் கிழக்கும் சந்தித்த துறைமுகமே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில், இறந்த தெய்வத்தை நினைந்து அழும் தாய்த்தெய்வ வழிபாடு மேற்காசியாவிலிருந்து வணிகர் வழியே வந்திருக்கலாம் என வாதிடுகிறார். எல்லோரும் அதை ஏற்றாரல்லர். ஆயினும் பாதை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

மற்றது, எவரிடமும் கேட்காமலே மனிதர் ஒரே கதையைச் சொல்வது. ஆற்றங்கரையில் வாழ்ந்த இனங்கள் எல்லாம் ஆற்றில் எதையாவது விட்டிருக்கும். அந்நியக் கிழவிக்குச் சோறு போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத இனமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அலைவாள் என்பதை அறிய எந்தக் கப்பலும் வர வேண்டியதில்லை.

நேயர்களே, ஒப்புமையைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. எங்கே வேறுபடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு மக்களின் உள்ளம் அங்கேதான் தெரியும்.

சுமேரியரின் இனன்னா தேவியும் கணவனுக்காக அழுகிறாள். ஆனால் பாதாளத்திலிருந்து அவள் மீண்டு வந்தபோது, அவளுக்காகத் துக்கம் காக்காது நல்லுடை உடுத்தி வீற்றிருந்த கணவன் துமுசியைத் தனக்குப் பதிலாகப் பாதாளத் தூதரிடம் கையளித்தவளும் அவளே. அந்தத் துமுசியே பின்னாளில் தம்மூசு ஆனான். எருசலேம் ஆலய வாசலிற் பெண்கள் அவனுக்காக அழுது கொண்டிருந்ததை எசேக்கியேல் கண்டதாக விவிலியம் கூறுகிறது. அழுகை ஒன்று, அதன் காரணம் வேறு.

கோவலனின் முடிவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. சிங்கள மக்களின் பத்தினிச் சடங்கிலே, கொலையுண்ட கணவன் பாலங்கனை அவள் உயிர்ப்பித்து எழுப்புகிறாள்; பார்த்திருப்போர் ஆறுதல் பெறுகின்றனர். சிலப்பதிகாரத்தில் அவள் தழுவியபோது கோவலன் எழுகிறான், கண்ணீரைத் துடைக்கிறான், உடனே வானுலகு சென்றுவிடுகிறான். அவள் கையில் எஞ்சியது சிலம்பு ஒன்றே. அதை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போகிறாள். டிமீற்றர் தேவர்கோனைப் பணிய வைத்தாள். ஐசிஸ் மந்திரத்தை நம்பினாள். கண்ணகியோ மன்னன் முன் நின்று வழக்குரைத்துச் சான்று காட்டுகிறாள். அரசனும் தன் தவற்றைத் தன் வாயாலே ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். நம் முன்னோர் தெய்வமாக்கியது இந்த வழக்குரைத்த பெண்ணைத்தான்.

இவ்விடத்திற் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல விடை தாருங்கள். டிமீற்றர் கதையைப் பாடத்துக்காக ஆயத்தம் செய்த இரவில், அதை என் தாயாருக்குச் சொன்னேன். அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. என் இளைய சகோதரன் 2009 மே மாதத்தின் பின் காணாமற் போனவர்களுள் ஒருவன். போர் முடிந்ததும் அந்த ஆச்சி வந்திருந்த அதே நந்திக்கடற் கரையில்தான். கதையின் முடிவைச் சொன்னேன்: பேர்சிபனி ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில் இருப்பாள், மீதி மாதங்கள் தாயுடன் இருப்பாள்.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "குடுத்து வச்ச தாய், தம்பி. வருசத்தில எட்டு மாசமெண்டாலும் பிள்ளை வீட்ட வருது."

எத்தனையோ நூல்களிற் படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று அப்போதுதான் பிடிபட்டது. டிமீற்றருக்குப் பிள்ளை கிடைத்தது. ஐசிசுக்கு உடல் கிடைத்தது. பதினான்கு துண்டாகச் சிதறியதையும் தேடிச் சேர்த்து அடக்கம் செய்தாள். மரியன்னைக்கும் மகனின் உடலை மடியில் ஏந்தக் கிடைத்தது என்றே கிறிஸ்தவ மரபு காட்டுகிறது. கண்ணகிக்குக் கிடைத்தது பதில். பிள்ளை, உடல், பதில் என்னும் இம்மூன்றில் ஒன்றையாவது கொடுக்காமல் உலகின் எந்தப் பழங்கதையும் தேடி அலைந்த பெண்ணைக் கைவிட்டதாக நான் படித்ததில்லை. கடவுளர் கதைகளுக்கிடையே நான் காணும் மிகப் பெரிய ஒப்புமை இதுவே.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். படங்களை நெஞ்சோடு அணைத்து அமர்ந்த அத்தாய்மாரும் இம்மூன்றில் ஒன்றையே கேட்டனர். கேட்டபடியே கண்மூடியவர்கள் பலர்.

மடு அன்னையை எண்ணிப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாதோட்டத்திலிருந்து அடைக்கலம் தேடி ஓடிய கத்தோலிக்கர் காட்டுக்குட் கொண்டுவந்த திருச்சுரூபம் அது. தமிழரும் சிங்களவரும், இந்துக்களும் பௌத்தர்களும் அவ்விடத்துக்குச் செல்வர். அவளைப் பத்தினியாகவே கண்டு கும்பிட்ட பௌத்தர்களும் உண்டு. 2008 ஏப்ரலில் அத்திருச்சுரூபமும் மக்களைப் போலவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் மீண்டது. யார் எவரிடமிருந்து எடுத்தார் என்ற வழக்கை மடுவிற் கும்பிட்டு நிற்பவர்கள் நடத்துவதில்லை. தம் துயரை அறிந்த ஒரு தாயின் முன் நிற்கிறோம் என்பதே அவர்களுக்குப் போதும்.

அடுத்த பாடவேளையில் அம்மாணவனுக்கு இவ்வாறு சொன்னேன்: "தம்பி, ஒப்புமை கண்டால் மூன்று கேள்வி கேள். பழைய நூலில் அது உண்மையில் இருக்கிறதா? இரு கதைகளுக்கும் இடையே போக்குவரத்து இருந்ததா? எங்கே வேறுபடுகிறது, ஏன்? இம்மூன்றையும் கேளாமல் எல்லாம் ஒன்று என்பவனும் படிக்கவில்லை. எங்களதே தனி என்பவனும் படிக்கவில்லை."

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப கண்ணகி களவெடுத்த கதை இல்லை, சேர்" என்றான்.

"களவெடுக்காதவனைக் கள்வன் என்றதில் இருந்துதானே அவள் கதையே தொடங்குது" என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்த வைகாசியில் அம்மாவை வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கூட்டிச் சென்றேன். தம்பியின் படத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து வந்திருந்தார். கூட்டத்தில் ஒரு வயோதிபப் பெண் தண்ணீர் கேட்டார். அம்மா தன் போத்தலைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"