கிடுகு வேய்ந்த நத்தார்

டிசம்பரில் செட்டிகுளத்துப் பக்கம் நல்ல வைக்கோல் தேடுவது லேசுப்பட்ட காரியமல்ல. காலபோக நெல் வயலில் பச்சையாக நிற்கும். சிறுபோகத்து வைக்கோலோ மாரி மழையில் ஊறி, மேற்பாதி கறுத்துக் கிடக்கும். பட்டடைக்குள் கையை ஆழ விட்டு, காய்ந்த பிடியாகப் பார்த்து இழுக்க வேண்டும். இவ்வளவு பாடும் பாலன் குடிலுக்காக.

வன்னியின் வெண்கலச் செட்டிகுளம் பிரதேசத்தில் சைவர்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அயலவர்களாக வாழ்கிறார்கள். மடு மாதா கோயிலும் அதிக தூரமில்லை. நத்தார் நெருங்கினால் கோயில் முற்றத்திலும் பாடசாலை ஒளிவிழாவிலும் வீட்டு விறாந்தையிலும் ஒரு சின்னக் கொட்டில் எழும்பிவிடும். (கிறிஸ்துமஸைக் குறிக்கும் ‘நத்தார்’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். தமிழ்நாட்டில் சொன்னால் விழிப்பார்கள்.)

கொட்டில் சின்னதென்றாலும் கட்டுமுறை பெரிய வீட்டினுடையதுதான். நாலு காட்டுத்தடியை ஊன்றி, வளை வைத்து, கைமரம் சாய்த்து, பிறகு தென்னோலைக் கிடுகு. தாழ்வாரத்தில் முதல் வரிசை, அதன்மேல் பாதி ஏறினாற்போல் அடுத்த வரிசை, கடைசியில் முகடு. மேலிருந்து கீழே வேய்ந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். விறாந்தைக்குள் இருக்கும் குடிலில் எங்கே மழை விழப்போகிறது என்று சிறுவர்கள் கேட்கலாம். கூரை வேய்ந்து பழகிய பெரியவர்களுக்கு அந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காது.

குடிலைச் சுற்றி மலை வேண்டும். சீமெந்துப் பையின் பழுப்புக் கடதாசியைக் கசக்கி, கோதுமை மாக்கூழ் பூசி நிமிர்த்தி, கறுப்பும் பச்சையும் தெளித்தால் பாறை தயார். மாரியில் கூழ் லேசில் காயாது. காய்ந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பலர் றெஜிபோமுக்கு மாறினார்கள். வெட்டுவது சுகம், ஒட்டுவதும் சுகம். ஆனால் வெள்ளை வெளேரென்ற அந்தக் குடில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இறக்கி வைத்ததுபோலத்தான் இருக்கும். போதாக்குறைக்குக் கூரையில் பஞ்சுப் பனி வேறு. வன்னியில் பனி என்றால் புல் நுனியில் நிற்பதுதானே!

இந்த வழக்கத்தின் தொடக்கத்திலும் வைக்கோல்தான் இருக்கிறது. 1223 இல் இத்தாலியின் கிரேச்சியோ கிராமத்தில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவற்றைக் கொண்டு பெத்லகேமைக் காட்டினார். 2015 ஜனவரி 14 அன்று மடுவுக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2019 டிசம்பர் 1 அன்று அதே கிரேச்சியோவுக்குப் போய், குடில் பற்றிய திருமடலில் கையொப்பமிட்டார்.

பெத்லகேம் ஒன்றுதான், ஆனாலும் ஒவ்வொரு ஊரும் அதைத் தன் வீட்டைப் போலக் கட்டிக்கொள்கிறது. போலந்தின் கிராகோவ் நகரத்தார் மினுங்கும் வண்ணத்தாள் ஒட்டி, தங்கள் நகரத்துக் கோபுரங்களையே குடிலாக்குகிறார்கள். 2018 இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஜெர்மன்காரர் இஞ்சி ரொட்டியில் சுவரும் கூரையும் சுட்டு, சீனிக் களியால் ஒட்டுவார்கள். வன்னி ஈரப்பதத்தில் அந்த வீடு ஒரு நாள் தாங்குவதே அதிகம்.

சைவப் பிள்ளைகளுக்கும் சிறுவீடு அந்நியமில்லை. பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவம். தமிழ்நாட்டின் நெல்லைச் சீமையில் மார்கழி முழுதும் வாசலில் சாண உருண்டையில் பூசணிப்பூ செருகிவைத்து, தை பிறந்தபின் சிறுமிகள் மண்ணால் குட்டி வீடு அமைத்து அதில் பொங்குவார்கள். சிறுவீட்டுப் பொங்கல் என்று அதற்குப் பெயர்.

செட்டிகுளத்துக்குக் கூரை என்பது வெறும் அலங்காரமல்ல. 2009 இல் பக்கத்து மெனிக் பாம் முகாமில், போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தறப்பாளின் கீழ் அடைபட்டிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல்தான் அவர்கள் வெளியே போய்வர அனுமதி கிடைத்தது. முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத்திட்டத்தின் 46,000 வீடுகள் எழுந்தன. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, சீமெந்துக் கல் சுவர். கிடுகுக்கு அங்கே வேலையில்லை. வந்தவரை நல்லதே, மழைக்கு ஒழுகாத வீட்டை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கிடுகு கட்டத் தெரிந்த கைகளுக்கு வருடத்தில் மிஞ்சிய வேலைகளில் பாலன் குடிலும் ஒன்றாகிவிட்டது. சின்னவர்கள் பக்கத்தில் இருந்து அதைப் பழகிக்கொள்ள வேறு இடம் குறைவு.

இந்த முறை குடில் கட்டுகிறவர்கள் றெஜிபோம் வாங்கப் புறப்படுமுன் அயலில் உள்ள ஒரு மூத்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். குடிலின் முன்னால் பச்சை வேண்டுமென்றால், ஊறவைத்த நெல்லைச் சிரட்டை மண்ணில் பத்துப் பன்னிரண்டு நாள் முந்தியே தூவிவிடுங்கள். பிந்தினால், நள்ளிரவுப் பூசையில் பாலனை வைக்கும்போது வெறும் மண்தான் இருக்கும்.