மறைவதற்கும் தெரிவதற்கும் நடுவே

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் நான்குவழிச் சாலையில், திருவாண்டார்கோயில் பக்கம் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் வீட்டிலிருந்தே சேஃப்டி ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது பச்சை கலந்த மஞ்சள். தோளிலும் இடுப்பிலும் வெள்ளிப் பட்டை. திருபுவனைத் தொழிற்சாலை, சாலைப் பணி, மின்கம்பம், துப்புரவு என்று வேலை எதுவானாலும், அடுத்தவர் கண்ணில் படுவதுதான் இன்று உடம்புக்குக் காவல்.

இதே ஊர்ப்புறத்தில், இரண்டு தலைமுறைக்கு முன், எதை உடுத்திப் போகிறோம் என்று யோசித்தவர்கள் வேட்டைக்குப் போனவர்கள். அவர்களுடைய யோசனை நேர்மாறானது. வெளுத்த வேட்டியோடு யாரும் போகமாட்டார்கள். புழுதி ஏறி மண்ணின் நிறத்துக்கு வந்துவிட்ட துண்டு, சாயம் போன காக்கிச் சட்டை, பனைமட்டைத் தடுப்பு, அதன் பின்னே அசையாமல் உட்காருதல். குறி பெரும்பாலும் காடை, கௌதாரி, முயல், ஏரிப் பறவை. மானுக்கு இங்கே காடு கிடையாது. அதைத் தேடியவர்கள் மலைப்பக்கம் போக வேண்டியிருந்தது. எந்த வேட்டையானாலும் பாடம் ஒன்றுதான்: காற்று உன் முகத்தில் அடிக்கும்படி நில், நிழலில் நில், அசையாதே.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்கு முதலில் கட்டுப்பாடும், பின்னர் முழுத்தடையும் வந்தன. இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2016-இல் புதுச்சேரியின் பழங்குடிப் பட்டியலில் இருளர் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள் இருந்தன: வில்லி, வேட்டைக்காரன். அந்தத் தொழிலைத் தடுக்கத் தொடங்கிய சட்டம் வந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தப் பெயரை அரசிதழ் பதிந்துகொண்டது. தடம் பார்க்கவும் காற்றறியவும் பூச்சியின் சத்தத்தை வைத்து இடம் சொல்லவும் தெரிந்த அந்த மக்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். பறவைகள் பிழைத்தது பெரிய லாபம். அதை யாரும் மறுக்க முடியாது. அந்த அறிவு கைமாறாமல் போனதையும் அந்தக் கணக்கிலேயே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

வேட்டை இங்கே நின்றது. இந்த மண்ணின் மக்கள் சிலருக்கு அது கடலுக்கு அப்பால் தொடர்ந்தது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் விலகியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்கள் புதுச்சேரியில் ஏராளம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரை இன்றும் ‘சொல்தா’ என்றுதான் சொல்கிறோம். என் சித்தப்பாவும் ஒரு சொல்தா. ஓய்வுக்குப் பிறகு தென்மேற்குப் பிரான்சின் ஒரு கிராமத்தில் தங்கிவிட்டார். அந்த ஊர்க்காரர்களோடு குளிர்காலத்தில் மான் வேட்டைக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் போவார்.

முதலில் அவர் போன காலத்தில் எல்லோரும் அடர்பச்சைக் கம்பளிக் கோட்டும் பழுப்புக் கால்சட்டையும் அணிந்திருந்தார்களாம். நவம்பர் மாதத்து ஓக் இலைச் சருகும் அந்த உடுப்பும் ஒரே நிறம். கூட்டு வேட்டையில் ஒரு கூட்டம் நாய்களோடு புதருக்குள் புகுந்து விலங்கை விரட்டும். இன்னொரு கூட்டம் துப்பாக்கியோடு விளிம்பில் வரிசையாக நிற்கும். புதருக்குள் அசைகிற பழுப்பு, மானா மனிதனா என்று முடிவு செய்ய அரை நொடி. 1999-2000 பருவத்தில் மட்டும் பிரான்சில் வேட்டை விபத்துகளில் 39 பேர் இறந்தார்கள்.

இன்றைய விதி வேறு. 2019-இல் வந்த சட்டமும், அதைத் தொடர்ந்த 2020 அக்டோபர் ஆணையும், பெருவிலங்குகளைக் கூட்டாக வேட்டையாடும்போது சுடுகிறவர், விரட்டுகிறவர் என்று எல்லோரும் ஆரஞ்சு நிற ஒளிர் மேலங்கி அணிந்தே ஆக வேண்டும் என்றன. பொதுச்சாலை ஓரத்தில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2021-22-இல் இறப்பு 8; அடுத்த பருவத்தில் 6.

மேலங்கி ஒன்றே இதைச் சாதித்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1970களின் நடுவில் 22 லட்சமாக இருந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் இன்று ஏறத்தாழ 10 லட்சம்தான். அதேசமயம் அவர்கள் சுடும் காட்டுப்பன்றிகளின் எண்ணிக்கை 1973-இல் 36 ஆயிரத்தை ஒட்டியிருந்தது, 2020-21-இல் 8 லட்சத்தைத் தொட்டது. ஆள் குறைந்தாலும், பாய்ந்து போகும் தோட்டா குறையவில்லை.

தோட்டாவுக்கான விதியைச் சித்தப்பா எங்கள் வாசலிலேயே செய்து காட்டினார். ஒரு விடுமுறையில், மாலை நேரம், சாணி தெளித்த மண். தென்னை ஈர்க்குகளை எடுத்துக்கொண்டார். “தம்பி, பக்கத்து ஆள் அதோ அந்தக் கிணத்துக்கிட்ட நிக்கிறான்னு வச்சுக்க” என்று, கிணற்றை நோக்கி ஐந்து எட்டு நடந்தார். அங்கிருந்து செங்கோணமாகத் திரும்பி, சுடும் திசையில் மூன்று எட்டு. அந்த இடத்தில் ஒரு ஈர்க்கைக் குத்தினார். திரும்பி வந்து நின்று, மறுபுறமும் அதேபோல். “இந்த ஈர்க்குக்கு இந்தப் பக்கம் எது வந்தாலும் சுடக் கூடாது. ராஜா மாதிரி கொம்பு வச்ச மானே வந்தாலும் சரி.” நின்ற இடத்திலிருந்து பக்கத்து ஆளுக்கும் அந்த ஈர்க்குக்கும் நடுவே முப்பது பாகைக் கோணம். வேட்டை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் இடத்தில் இப்படி நடந்து குச்சி நட வேண்டும். பக்கத்து ஆள் எங்கே என்று தெரிந்தால்தான் ஐந்து எட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும். ஆரஞ்சு நிறம் முதலில் அதற்குத்தான் உதவுகிறது.

சித்தப்பாவின் ஆரஞ்சு மேலங்கியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது யாருக்கும் வரும் சந்தேகம்தான் எனக்கும் வந்தது: மானுக்கு இது தெரியாதா?

தெரியும், நமக்குத் தெரிவதுபோல் அல்ல. மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு அணுக்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெண்வால் மான்களின் கண்ணைச் சோதித்தவர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். சிவப்பையும் பச்சையையும் அதனால் பிரிக்க முடியாது. நம் கண்ணில் தீயாக எரியும் ஆரஞ்சு, அதன் கண்ணுக்கு இலைகளோடு கலந்த மங்கல் நிறம். நீலம் மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும். புற ஊதா ஒளியின் ஒரு பகுதியும் எட்டும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிர்பொருள் அதனால்தான் ஆபத்து. துவைத்து மடித்த வேட்டியை மான் தூரத்திலேயே பார்த்துவிடும். வெள்ளை வேட்டி ஆகாது என்ற நம் பழைய ஆட்களின் முடிவு மான் விஷயத்திலும் சரியானது.

இயற்கையில் இந்தக் கணக்கை மனிதனுக்கு முன்பே போட்டது புலி. பச்சைக் காட்டுக்குள் ஆரஞ்சு உடம்போடு அது எப்படி மறைகிறது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஆராய்ந்தார்கள். இருவகைக் கூம்பு கொண்ட கண்ணுக்குப் புலியின் ஆரஞ்சு பச்சையாகவே படுகிறது. மானுக்குத் தெரியாமலும் மனிதனுக்குத் தெரிந்தும் நிற்க ஒரு நிறம் வேண்டுமென்று தேடியவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது ஏறக்குறைய அந்த நிறத்துக்குத்தான்.

ஆனாலும் பழைய பழக்கம் எளிதில் போவதில்லை. சருகும் கிளையும் அச்சிட்ட உருமறைப்புத் துணி மேல் வேட்டைக்காரர்களுக்கு இன்றும் ஆசை. ஆரஞ்சிலேயே கருங்கோடு போட்டுச் சிதறடித்த துணியும் விற்கிறது. நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாண விதி இதில் கறாரானது. துப்பாக்கியோடு மான் வேட்டை நடக்கும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குல ஆரஞ்சு, எல்லாப் பக்கமும் தெரியும்படி. தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி. கோலம் போட்ட ஆரஞ்சு அந்தக் கணக்கில் சேராது. உடலின் உருவத்தை உடைப்பதற்காகவே அச்சிடப்பட்ட துணி, மனிதக் கண்ணுக்கும் அந்த உருவத்தை உடைத்துவிடும் என்பதே காரணம்.

மானை ஏமாற்ற நிறத்தை நம்புவதைவிட, அசைவையும் வாசனையையும் அடக்குவது மேல் என்கிறார் சித்தப்பா. ஆரஞ்சு போட்டுக்கொண்டு அசையாமல் நிற்கிறவன் அருகே மான் வரும். உருமறைப்புத் துணியில் கையை ஆட்டுகிறவனைக் கண்டு ஓடும். ஏரிக்கரையில் பனைமட்டைக்குப் பின்னே உட்கார்ந்தவர்கள் சொன்ன அதே பாடம் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கும் அது நினைவில் இருந்தது.

நம் நாட்டில் இன்று நடப்பதைப் பார்த்தால்தான் மனம் கனக்கிறது. பிரிட்டிஷ் காலத்து நீலகிரியில் 1877-இல் வேட்டைச் சங்கம் தொடங்கியது, 1879-இல் சட்டம் வந்தது. சுடக்கூடாத பருவம் எது என்பது அன்றே விதியானது. இன்று பருவமே இல்லை, முழுத்தடை. தடை சரியானது. ஆனால் அதை மீறி இரவில் நாட்டுத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறவன் மானிடம் மட்டுமா மறைய வேண்டும்? வனக்காவலரிடமும் மறைய வேண்டும். சந்தையில் வாங்கிய ‘மிலிட்டரி கலர்’ சட்டையும் இருட்டும்தான் அவனுக்குத் துணை. உடன் வந்தவரைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டார் என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருவது அதனால்தான். அந்தச் சாவுக்கு ஆரஞ்சு மேலங்கி மருந்தல்ல, அதை அணிந்து திருட்டு வேட்டைக்குப் போக முடியாது. போகாமல் இருப்பதே வழி. பன்றியால் பயிரிழந்த உழவனுக்கு நேரத்தில் இழப்பீடு கிடைத்தால் பலர் போகாமல் இருப்பார்கள்.

பிரான்சிலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 2020 டிசம்பரில் லோ பகுதியில், தன் வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரைக் காட்டுப்பன்றி என்று நினைத்து ஒருவர் சுட்டார். அந்த இளைஞர் இறந்துவிட்டார். அவர் வேட்டைக்காரர் அல்ல, எந்த விதியும் அவரை ஆரஞ்சு அணியச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எழுந்த எதிர்ப்பில், 2023 ஜனவரியில் அரசு 14 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தது. வேட்டை நடக்கும் இடமும் நேரமும் காட்டும் செயலி, குடித்துவிட்டு வேட்டையாடினால் தண்டனை என்றெல்லாம் அதில் இருந்தன. வாரத்தில் ஒரு நாளாவது வேட்டையே கூடாது என்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

குளிர்காலத்தில் காளான் பொறுக்கவும் நடைக்கும் போகும்போது சித்தியும் இப்போது ஆரஞ்சு மேலங்கி அணிகிறார். பேரப்பிள்ளைகளுக்கும் அளவுக்கேற்ப வாங்கி வைத்திருக்கிறார். “வேட்டைக்குப் போறது இவரு, நான் ஏன் இதை மாட்டிக்கணும்?” என்று போனில் கேட்டார். சித்தப்பா பக்கத்திலேயே இருந்தார். பதில் சொல்லவில்லை. என்னிடமும் இல்லை.