நோய்க்காலத்தில் வைப்பு நிதி: எடுக்கத் தக்கதும் காக்கத் தக்கதும்

முதுமைக்கெனச் சேர்த்த பணத்தை நடுவயதிலேயே எடுப்பவரைப் பொறுப்பற்றவர் எனச் சிலர் கருதுவதுண்டு. உண்மை வேறு. வேலையிழப்பு, மகளின் திருமணம், வீடு, மருத்துவச் செலவு என எந்த நெருக்கடி வந்தாலும், வேறு சேமிப்பில்லாத தொழிலாளி நாடக்கூடியது வருங்கால வைப்பு நிதி ஒன்றே. அதை எடுப்பதில் தவறில்லை. எதை எடுக்கிறோம் என்று அறியாமல் எடுப்பதில்தான் இழப்பு நேர்கிறது.

தொழிலாளி தம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 12 சதவீதம் செலுத்துகிறார். நிறுவனமும் தன் பங்கைச் செலுத்துகிறது. அப்பங்கின் ஒரு பகுதி, 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. ஆகவே நம்மிடம் இருப்பவை இரண்டு: ஒன்று சேமிப்பு, மற்றொன்று ஓய்வூதிய உரிமை.

அறுவை சிகிச்சை, புற்றுநோய், இதயநோய், பக்கவாதம் போன்றவற்றிற்குச் சேமிப்பிலிருந்து முன்பணம் பெறலாம்; குடும்பத்தினரின் சிகிச்சைக்கும் பெறலாம். இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. இதற்காக வேலையை விடவும் வேண்டியதில்லை.

ஓய்வூதிய உரிமையோ அவசரத்தில் கைவிடத் தக்கதன்று. பத்தாண்டுப் பணி நிறைந்தால் ஓய்வூதியம் உறுதியாகிறது. அதற்கு முன் வேலையை விடுவோர் அத்தொகையைப் பெற்றுக்கொண்டால், அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்து நீங்கிவிடும். மாறாகத் திட்டச் சான்றிதழ் பெற்றால், அப்பணிக்காலம் அடுத்த வேலையோடு சேரும்.

நோயாளிகள் சிறப்பாக அறியவேண்டியது இது: பணியில் இருக்கும்போது நிரந்தரமாகவும் முழுமையாகவும் உழைக்கும் திறனை இழந்தவர், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலும் ஓய்வூதியத்திற்கு உரியவர். பணியிலிருக்கும்போது உறுப்பினர் இறந்தால், துணைவருக்கும் 25 வயது வரை பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. வைப்புநிதி சார்ந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எனவே, உடல் தளர்ந்த நிலையில் பணிவிலகல் கடிதம் எழுதுமுன் இவற்றை விசாரித்தறிதல் நன்று.

சேமிப்பைத் தொடுமுன்னும் சிறிது பொறுத்தல் வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதோர் பணிபுரியும் நிறுவனம் இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருந்தால், அவருக்கும் குடும்பத்திற்கும் அதன் சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவு ஏற்கப்படுகிறது. இவற்றால் ஈடுசெய்ய இயலாத தொகைக்கு மட்டும் வைப்பு நிதியை நாடுவது நலம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டி எனக் கொண்டால், இன்று எடுக்காமல் விடும் ஒரு லட்சம் ரூபாய், இருபது ஆண்டுகளில் சுமார் 4 லட்சத்து 66 ஆயிரமாக வளரும்.

உறுப்பினர் எண்ணோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்துள்ளனவா, வாரிசு நியமனம் பதிவாகியுள்ளதா என்பதை உடல் நலமாயிருக்கும்போதே சரிபார்த்து வையுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்குமுன் வைப்புநிதி அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நோய் தீர்ந்தபின்னும் வாழ்நாள் நீண்டிருக்கிறது; அந்நாட்களுக்கும் சிறிது எஞ்சியிருக்க வேண்டும்.